பக்கத்து வீட்டிலிருந்து வந்த கார்ட்டர் கடிதங்கள்

கேள்வி: அட்லாண்டாவுக்கு அருகில் பல ஆண்டுகளாக வசித்து வருகிறேன். எங்கள் தெருவில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் காலமான பிறகு அவர் வீட்டுப் பொருள்களை எஸ்டேட் சேலில் விற்றார்கள். முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட ஒன்பது புத்தகங்களை அங்கே வாங்கினேன். அவற்றோடு ஓர் அட்டைப் பெட்டியையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள். அதில் வெள்ளை மாளிகைத் தாளில் 1977ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்றும், தட்டச்சு செய்த 1990களின் கடிதம் ஒன்றும் (அதன் அடியில் கையால் எழுதிய இரண்டு வரிகள் உள்ளன), ஆசிரியை தாம் அனுப்பிய கடிதத்தின் ஓரத்திலேயே கார்ட்டர் பதில் எழுதித் திருப்பி அனுப்பியதாகத் தோன்றும் தாள் ஒன்றும், அஞ்சல்தலைக்குப் பதிலாகக் கையெழுத்து உள்ள உறைகளும், ஒரு வாழ்த்து அட்டையும் இருக்கின்றன. அந்த அம்மையார் இளமையில், கார்ட்டரின் சொந்த ஊரான பிளெயின்ஸ் இருக்கும் சம்டர் கவுண்டியில் (மாவட்டத்தில்) பணியாற்றியவர் என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள். இவையெல்லாம் அசல்தானா? சான்றிதழ் வாங்க வேண்டுமா? சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டலாமா? வியாபாரி ஒருவர் மொத்தத்தையும் விலைக்குக் கேட்கிறார். எனக்கோ மேலும் சேகரிக்க ஆசை வந்துவிட்டது. கடிதங்களைத் தமிழில் மொழிபெயர்த்து ஒரு பத்திரிகைக்குத் தரவும் விரும்புகிறேன்.

பதில்: அன்புள்ள வாசகருக்கு வணக்கம்.

நீங்கள் அனுப்பிய படங்களை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் அசல் என்றோ போலி என்றோ நான் தீர்த்துச் சொல்வதற்கில்லை. பொருளைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்காமலே தீர்ப்புச் சொல்லும் மதிப்பீட்டாளர் யாராக இருந்தாலும் அவரிடமிருந்து சற்றுத் தள்ளியே இருங்கள். ஆனால் ஒவ்வொரு பொருளிலும் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பதைச் சொல்ல முடியும். உங்கள் கடிதத்தில் புத்தகங்களை முதலில் வைத்து, அட்டைப் பெட்டியைக் கொசுறு போலக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். என் கணிப்பில் இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். ஒன்பது புத்தகங்களையும் ஒரு தட்டில் வைத்தால், மறுதட்டில் அந்த ஓரக் குறிப்புள்ள ஒற்றைத் தாளே கனமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

காரணம் எளியது. கார்ட்டர் 1981 ஜனவரியில் பதவியை விட்டு இறங்கியபோது அவருக்கு வயது 56. 2024 டிசம்பர் 29 அன்று தம் நூறாவது வயதில் காலமானார். ஏறத்தாழ 44 ஆண்டுகள் முன்னாள் அதிபராக வாழ்ந்தவர் அமெரிக்க வரலாற்றில் வேறு எவரும் இல்லை. அந்த ஆண்டுகளில் அவர் ஏறத்தாழ முப்பது நூல்களை எழுதினார். நூல் வெளிவரும்போதெல்லாம் புத்தகக் கடைகளில் வரிசை வரிசையாக வந்தவர்களுக்குக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். 1841இல் பதவியேற்று ஒரே மாதத்தில் இறந்துபோன வில்லியம் ஹென்றி ஹாரிசன் அதிபராக இருந்தபோது கையெழுத்திட்ட தாள் ஒன்று சந்தைக்கு வந்தால் ஏல அரங்கமே பரபரப்பாகும். கார்ட்டர் கையெழுத்திட்ட புத்தகமோ ஜார்ஜியா மாநிலத்தில் எத்தனையோ வீட்டு அலமாரிகளில் இருக்கிறது. அதனால் அது மதிப்பற்றது என்று பொருளில்லை. அரிய பொருள் என்று சொல்லி யாரேனும் விற்க வந்தால் நம்ப வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

புத்தகங்களைப் பற்றி முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். பதவியில் இருந்தபோதும் அதற்கு அடுத்த சில ஆண்டுகளிலும் ‘ஜிம்மி கார்ட்டர்’ என்று முழுமையாகக் கையெழுத்திட்டவர், பிற்காலத்து நூல் வெளியீட்டு வரிசைகளில் பெரும்பாலும் முதலெழுத்தையும் குடும்பப் பெயரையும் மட்டும், ‘ஜே கார்ட்டர்’ என்று விரைந்து எழுதினார். ஆகவே 2000க்குப் பிந்தைய நூல்களில் அந்தச் சுருக்கக் கையெழுத்தைக் கண்டு சந்தேகப்பட வேண்டியதில்லை. அத்தகைய வரிசைகளில் வாங்குபவரின் பெயரையோ வாழ்த்தையோ எழுதித் தருவதில்லை என்பது வழக்கமான விதி. எனவே உங்கள் ஒன்பதில் ஏதேனும் ஒன்றில் ஆசிரியையின் பெயரைக் குறிப்பிட்டு எழுதியிருந்தால், அது வரிசையில் நின்று வாங்கியதாக இருக்க வாய்ப்புக் குறைவு. வேறு வழியில், நேரடி அறிமுகத்தால், வந்ததாக இருக்கலாம். அதைத் தனியே எடுத்து வையுங்கள். ஊர் பேர் தெரியாத ஒருவருக்கு எழுதிக் கொடுத்த புத்தகத்தைவிட வெறும் கையெழுத்து மட்டும் உள்ள புத்தகத்தைத்தான் வியாபாரிகள் விரும்புவார்கள். ஆனால் பெயருக்குரியவர் எழுதியவரின் வாழ்க்கையோடு தொடர்புடையவர் என்று காட்ட முடிந்தால் கதை மாறிவிடும்.

பிறகு ஒவ்வொரு நூலிலும் பதிப்பு விவரப் பக்கத்தைத் திறந்து அச்சு ஆண்டையும், அடியில் பத்திலிருந்து ஒன்றுவரை இறங்கும் எண் வரிசையையும் பாருங்கள். பல அமெரிக்கப் பதிப்பகங்களின் முறைப்படி, அந்த வரிசையில் ‘1’ நீக்கப்படாமல் இருந்தால் அது முதல் அச்சு. மேலுறையின் உள்மடிப்பில் விலை அச்சாகாமல், பின்னட்டையில் சிறு பள்ளமாக ஒரு முத்திரை இருந்தால் அது பெரும்பாலும் புக் கிளப் பதிப்பு, அதாவது புத்தகச் சங்க உறுப்பினர்களுக்காக மலிவாக அச்சிட்டது. அதில் கையெழுத்து அசலாகவே இருந்தாலும் சேகரிப்பாளர்கள் அதற்கு இரண்டாம் இடம்தான் தருவார்கள். கையெழுத்து புத்தகத்தின் பக்கத்திலேயே இருக்கிறதா, ஒட்டிய சீட்டில் இருக்கிறதா, பதிப்பகமே தனித்தாளில் கையெழுத்து வாங்கி உள்ளே சேர்த்துக் கட்டியதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றும் நேர்மையான முறைகளே. விலை மட்டும் வேறு வேறு.

நூல்களில் உங்களிடம் 1975இல் பிராட்மேன் பிரஸ் வெளியிட்ட ‘வொய் நாட் தி பெஸ்ட்?’ இருப்பது மகிழ்ச்சி. ஜார்ஜியாவின் ஆளுநர் பதவியை முடித்துவிட்டு, நாட்டில் பெரும்பாலோருக்கு அவர் யாரென்றே தெரியாத நிலையில், அதிபர் தேர்தலுக்காக எழுதிய புத்தகம் அது. அதன் முதல் அச்சில் அந்தக் காலத்து முழுக் கையெழுத்து இருந்தால், மற்ற எட்டையும்விட அதற்குத்தான் நான் அதிக இடம் கொடுப்பேன். 1987இல் மனைவி ரோசலினுடன் சேர்ந்து எழுதிய ‘எவ்ரிதிங் டு கெயின்’ நூலைப் பொறுத்தவரை, இருவர் கையெழுத்தும் இருக்கிறதா என்று பாருங்கள். ஒருவர் மட்டும் கையெழுத்திட்ட பிரதி அரைகுறைப் பிரதிதான். அந்த நூலைச் சேர்ந்து எழுதியதுதான் தங்கள் திருமணத்துக்கு வந்த பெரிய சோதனை என்று கணவனும் மனைவியும் பிற்பாடு வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார்கள் என்பதால், இரண்டு பெயர்களும் ஒரே பக்கத்தில் அருகருகே இருப்பதைப் பார்க்க எனக்கு எப்போதும் சிறு புன்னகை வரும்.

விற்பவர்கள் சொல்லும் கதைகளையும் தேதிகளோடு பொருத்திப் பாருங்கள். கார்ட்டர் 2023 பிப்ரவரியில் மருத்துவமனைச் சிகிச்சையை நிறுத்திக்கொண்டு வீட்டில் அந்திமகாலப் பராமரிப்புக்கு மாறினார். ஆகவே அதற்குப் பிறகு நேரில் கையெழுத்து வாங்கியதாகச் சொல்லப்படும் எதையும் ஏற்காதீர்கள். பிளெயின்ஸ் ஊரின் மாரநாதா பாப்டிஸ்ட் தேவாலயத்தில் அவர் நடத்திய ஞாயிறு வகுப்புக்குப் போனேன், முடிந்ததும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார் என்று சிலர் சொல்வார்கள். அங்கே வருகிறவர்களுடன் புகைப்படம் எடுத்துக்கொள்வதுதான் வழக்கம். கையெழுத்துக் கேட்கக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். கதை நன்றாக இருக்கிறது என்பதற்காகக் காசு கொடுக்க வேண்டாம்.

இனி அட்டைப் பெட்டிக்கு வருகிறேன். 1977ஆம் ஆண்டின் வெள்ளை மாளிகைக் கடிதம்தான் பார்வைக்குக் கம்பீரமானது. உங்கள் கடிதத்திலும் அதைத்தான் முதலில் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் பொதுமக்களில் ஒருவருக்கு, நன்றி கூறும் பொதுவான வாசகங்களோடு போன அந்தக் காலத்துக் கடிதம் என்றால், அதிலுள்ள கையெழுத்தை அதிபர் தம் கையால் இட்டிருக்க வாய்ப்புக் குறைவு. நாள்தோறும் மூட்டை மூட்டையாக வந்த அஞ்சலுக்கு ஊழியர்களே பதில் எழுதி, ஆட்டோபென் என்னும் இயந்திரத்தால் கையெழுத்திட்டு அனுப்பினார்கள். உண்மையான பேனாவைப் பிடித்துக்கொண்டு, முன்பே செதுக்கி வைத்த அச்சுவடிவத்தின் வழியே அதை நகர்த்தும் கருவி அது. கென்னடியின் காலத்திலேயே வெள்ளை மாளிகையில் அது மிகப் பரவலாகப் பயன்பட்டது. மையும் அசல், பேனாவும் அசல் என்பதால்தான் பலரும் ஏமாறுகிறார்கள்.

கண்டுபிடிப்பது அவ்வளவு கடினமில்லை. பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் ஒன்றை வாங்கி, கோட்டின் தொடக்கத்தையும் முடிவையும் பாருங்கள். மனிதன் எழுதும்போது பேனா தாளைத் தொடுவதற்கு முன்பே கை நகரத் தொடங்கிவிடும். அதனால் கோடு மெலிந்து தொடங்கி, வளைவுகளில் அழுந்தி, கடைசியில் மெலிந்து முடியும். இயந்திரம் பேனாவை இறக்கி வைத்துவிட்டுத்தான் நகர்த்தும், நிறுத்திவிட்டுத்தான் தூக்கும். எனவே இரு முனைகளிலும் மை தேங்கிச் சிறு புள்ளி விழுந்திருக்கும். கோடு முழுவதும் ஒரே கனத்தில் இருக்கும். நீண்ட நேர்கோடுகளில் லேசான நடுக்கமும் தெரியும். தாளைத் திருப்பிப் பின்புறத்தை விளக்கின் சாய்வொளியில் பார்த்தால், மனிதக் கையின் அழுத்தம் ஓரிடத்தில் புடைத்தும் ஓரிடத்தில் தெரியாமலும் இருக்கும். எல்லாவற்றையும்விட உறுதியான சோதனை, ஏல நிறுவனங்கள் தங்கள் பழைய விற்பனைப் பட்டியல்களில் வெளியிட்டிருக்கும் ஆட்டோபென் மாதிரிகளோடு உங்கள் கையெழுத்தின் படத்தை அதே அளவில் வைத்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திப் பார்ப்பதுதான். எந்த மனிதனும் வாழ்நாளில் இரண்டு முறை அச்சாக ஒரே மாதிரிக் கையெழுத்திடுவதில்லை. இரண்டும் மயிரிழை பிசகாமல் பொருந்தினால் அங்கே கை இல்லை, கருவிதான் இருந்திருக்கிறது.

புற ஊதா டார்ச்சு வாங்கி வைத்திருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். லிங்கன் கடிதம் என்று யாராவது தந்தால் அது பயன்படும். ஏனெனில் வெண்மை கூட்டும் வேதிப்பொருள் கலந்து, அந்த ஒளியில் நீலமாக ஒளிரும் தாள் ஏறத்தாழ 1950களிலிருந்துதான் புழக்கத்துக்கு வந்தது. கார்ட்டர் காலத்துத் தாளில் அசலும் ஒளிரலாம், போலியும் ஒளிரலாம். டார்ச்சைப் பூனை தேடப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

உறைகளில் அஞ்சல்தலை ஒட்டும் மூலையில் இருக்கும் கையெழுத்தைக் கண்டு பலர் துள்ளிக் குதிப்பார்கள். முன்னாள் அதிபர்கள் அரசியல் சாராத தங்கள் அஞ்சலைக் கட்டணமின்றி அனுப்பலாம் என்று அமெரிக்கச் சட்டம் சலுகை தருகிறது. அதற்கு அடையாளமாக உறையின் மூலையில் அவர்களுடைய கையெழுத்து இருந்தால் போதும், அது அச்சிட்ட நகலாகவும் இருக்கலாம். லூப்பின் கீழ் அந்தக் கோட்டின் ஓரங்கள் கத்தரித்தது போல் சீராகவும், மையின் நிறம் எங்கும் ஒரே மாதிரியாகவும் தெரிந்தால் அச்சு என்று வைத்துக்கொள்ளுங்கள். வாழ்த்து அட்டையும் ஆயிரக்கணக்கில் அச்சிட்டு அனுப்பும் வகைதான். அப்படியிருந்தும் உறைகளை எறிந்துவிடாதீர்கள். அவற்றின் பயன் வேறு. அஞ்சல் முத்திரையின் ஊரும் தேதியும், முகவரியில் உள்ள பெயரும், உள்ளே வந்த கடிதத்தின் தேதியோடு ஒத்துப்போனால், அந்தக் கடிதத்துக்கு அதைவிட நல்ல சாட்சி கிடைப்பது அரிது. எந்த உறை எந்தக் கடிதத்துடையது என்பதை மடிப்புகளின் அளவை வைத்து இப்போதே இணைத்துவிடுங்கள்.

1990களின் தட்டச்சுக் கடிதம் நம்பிக்கை தருகிறது. மேல்பகுதியை உதவியாளர் தட்டச்சு செய்திருக்கலாம். ஆனால் அடியில் பேனாவால் இரண்டு வரி சேர்த்திருப்பது, கையெழுத்திட்டவர் கடிதத்தைப் படித்துவிட்டுத்தான் அனுப்பினார் என்பதற்கு அடையாளம். எங்கள் தொழிலில் முழுதும் கையால் எழுதிக் கையெழுத்திட்டதை ஏ.எல்.எஸ். என்றும், தட்டச்சு செய்து கையெழுத்திட்டதை டி.எல்.எஸ். என்றும் பட்டியலில் குறிப்போம். உங்களுடையது பட்டியலில் இரண்டாவது வகையில்தான் வரும். ஆயினும் அந்த இரண்டு வரிகள் அதை முதல் வகையின் வாசலுக்குக் கொண்டுவந்துவிடுகின்றன. அவ்வரிகளின் மையும் கையெழுத்தின் மையும் ஒன்றா என்று மட்டும் பாருங்கள்.

இப்போது ஓரக் குறிப்புள்ள தாள். தமக்கு வந்த தாளின் ஓரத்திலேயே குறுகிய பதிலை எழுதித் திருப்பியனுப்புவது கார்ட்டரின் பழக்கம். அதிபராக இருந்தபோதும் அதிகாரிகள் அனுப்பிய குறிப்புகளின் விளிம்பில் கருத்தெழுதி, ‘ஜே’ என்ற ஒற்றை எழுத்தைப் போட்டு அனுப்பிவிடுவார். கடற்படைப் பொறியாளராக இருந்தவரின் சிக்கனம் என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு. உங்கள் படத்தில் தெரிகிற அளவில், ஆசிரியை தம் கடிதத்தில் சம்டர் கவுண்டிப் பள்ளிகளை ஒன்றிணைப்பது பற்றிய பழைய வாக்கெடுப்பை நினைவூட்டியிருக்கிறார். இந்தச் செய்தியை நீங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்று தோன்றுகிறது. எனக்கு அதுதான் கண்ணில் பட்டது. கார்ட்டர் 1955 முதல் அந்தக் கவுண்டியின் பள்ளிக் குழுவில் இருந்தார். பிறகு அதன் தலைவரானார். 1961இல் கவுண்டிப் பள்ளிகளையும் அதே கவுண்டியிலுள்ள அமெரிக்கஸ் நகரப் பள்ளிகளையும் இணைக்கும் திட்டத்தை மக்கள் வாக்குக்கு விட்டுத் தோற்றார். வெள்ளையர், கறுப்பர் பிள்ளைகள் ஒரே பள்ளியில் படிக்க நேர்ந்துவிடுமோ என்ற அச்சம் அந்தத் தோல்விக்குப் பின்னால் இருந்தது. பொதுவாழ்வில் அவர் சந்தித்த முதல் பெரிய தோல்வி அதுதான். அதற்கு அடுத்த ஆண்டுதான் மாநில செனட் தேர்தலில் இறங்கினார்.

அந்தப் பள்ளிகளில் ஒன்றில் வேலை பார்த்த ஒருவர், அந்த வாக்கெடுப்பைப் பற்றியே கேட்டு, குழுவின் தலைவராக இருந்தவரே அதே தாளின் ஓரத்தில் பதில் எழுதியிருக்கிறார் என்றால், கேள்வியும் பதிலும் பிரியாமல் ஒரே தாளில் இருக்கின்றன என்று பொருள். வழக்கமாக ஒரு கடிதம் நம் கைக்கு வரும்போது பாதி உரையாடல்தான் வரும். எதற்குப் பதில் என்பதை ஊகிக்க வேண்டியிருக்கும். இங்கே அந்தக் குறை இல்லை. கையெழுத்து சுருக்கமானது, தாள் சாதாரணக் கோடிட்ட தாள், வலது மூலையில் காப்பிக் கறை கூட இருக்கிறது. ஆனாலும் இது அசல் என்று உறுதியானால், ஒன்பது புத்தகங்களையும் கொடுத்துவிட்டு இதை மட்டும் வைத்துக்கொள் என்று சொன்னால் நான் யோசிக்கவே மாட்டேன்.

ஆகவே முதல் வேலை, ஆசிரியை யார் என்பதைத் தாளில் நிறுவுவது. எஸ்டேட் சேல் நடத்தியவர்கள் கொடுத்த ரசீது, விற்பனை அறிவிப்பு, பெட்டியின் படம், நாளிதழில் வந்த இரங்கல் குறிப்பு ஆகியவற்றைச் சேர்த்து ஒரு கோப்பு தொடங்குங்கள். சம்டர் கவுண்டியில் எந்தப் பள்ளியில், எந்த ஆண்டுகளில் பணியாற்றினார் என்பதற்குப் பழைய பள்ளி ஆண்டு மலர்கள் உதவும். அமெரிக்கஸ் நகரப் பொது நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். எந்தப் பொருள் எந்த நாளில் எவ்வளவு தொகைக்கு உங்கள் கைக்கு வந்தது என்று ஒரு பக்கம் எழுதித் தேதியிட்டு வையுங்கள். பொருள் கைமாறி வந்த இந்த வரலாற்றைத்தான் நல்ல ஏல நிறுவனம் முதலில் கேட்கும். இன்று அக்கம்பக்கத்தார் சொல்வதை இன்றே எழுதி வைக்காவிட்டால், பத்து ஆண்டுகள் கழித்து அது வெறும் வதந்தியாகிவிடும்.

சான்றிதழைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சான்றிதழ் என்பது அதை எழுதியவரின் கருத்து; அவருக்கு எவ்வளவு மரியாதையோ அதற்கும் அவ்வளவுதான். 1990களின் பிற்பகுதியில் எஃப்.பி.ஐ. ‘ஆபரேஷன் புல்பென்’ என்ற பெயரில் போலிக் கையெழுத்துக் கூட்டத்தைப் பிடித்தபோது, அவர்களுடைய சரக்குகளோடு சான்றிதழ்களும் ஒழுங்காக இணைக்கப்பட்டிருந்தன. அன்னை தெரசா கையெழுத்திட்டதாகச் சொன்ன பேஸ்பால் பந்துகளும் அவற்றில் இருந்தன. பி.எஸ்.ஏ., ஜே.எஸ்.ஏ., பெக்கெட் போன்ற நிறுவனங்களின் சான்று சந்தையில் விற்பனையை எளிதாக்கும் என்பது உண்மை. ஆனால் ஒன்பது புத்தகங்களுக்கும் தனித்தனியே கட்டணம் கட்டுவது வீண். 1975ஆம் ஆண்டு நூலுக்கும் கையால் எழுதிய இரண்டு தாள்களுக்கும் மட்டும் செய்யுங்கள். கையால் எழுதியவற்றுக்கு, விளையாட்டுக் கையெழுத்துகளையே பெரிதும் பார்த்துப் பழகியவரைவிட, அதிபர்களின் கடிதங்களில் பல ஆண்டு அனுபவமுள்ள கையெழுத்துப்படி வணிகரின் கருத்தே எனக்குப் பெரிது.

கூடத்தில் மாட்டுவது வேண்டாம். பல கையெழுத்துகள் ஃபெல்ட் முனைப் பேனாவால் இட்டவை. அந்த மை வெளிச்சத்தில் வெளுக்கும், ஒருமுறை வெளுத்தால் திரும்பாது. மாட்டியே தீர வேண்டுமானால் நல்ல வண்ண நகலைச் சட்டமிட்டு மாட்டுங்கள். வருகிற விருந்தினருக்கு வித்தியாசம் தெரியாது. அசலை மடிப்பைப் பிரித்து, தட்டையாக, மைலார் எனப்படும் பாலியெஸ்டர் உறையில் இட்டு, அமிலமற்ற அட்டைக் கோப்பில் வையுங்கள். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் பி.வி.சி. உறைகள் நாளடைவில் மையை இழுத்துவிடும். லேமினேஷன் செய்துவிடாதீர்கள், செய்தபின் அதை எவராலும் பழையபடி ஆக்க முடியாது. துருப்பிடிக்கும் கிளிப்பை எடுத்துவிடுங்கள். செலோடேப் ஒட்டியிருந்தால் நீங்களே உரிக்காமல் தாள் பராமரிப்பு வல்லுநரிடம் கொடுங்கள். காப்பிக் கறையையும் அப்படியே விட்டுவிடலாம். வெள்ளைக் கையுறை தேவையில்லை. கைகளைக் கழுவி ஈரம் போகத் துடைத்துவிட்டுத் தொட்டால் போதும், கையுறை மாட்டிய விரல்கள்தான் தாளின் ஓரத்தைக் கிழிக்கும். ஜார்ஜியாவின் கோடையில் அடித்தளத்தில் ஈரமும் பரணில் வெப்பமும் ஏறும் என்பதால் இரண்டையும் தவிர்த்து, குளிர்சாதன வசதியுள்ள உள்ளறை அலமாரியில், ஈரப்பதம் 35 முதல் 50 விழுக்காட்டுக்குள் இருக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள்.

மொத்தத்தையும் கேட்கும் வியாபாரியை நான் குறை சொல்லவில்லை. ஆனால் வாங்க விரும்புகிறவரே விலையும் சொல்வது முறையல்ல. வாங்கும் எண்ணம் இல்லாத மதிப்பீட்டாளர் ஒருவரிடம் கட்டணம் கொடுத்து எழுத்துமூல மதிப்பீடு பெறுங்கள். மதிப்பில் விழுக்காடு கேட்பவரைத் தவிர்த்து, நேரத்துக்குக் கட்டணம் வாங்குபவரைத் தேர்ந்தெடுங்கள். காப்பீட்டுக்கும் அது பயன்படும். எப்போதாவது அட்லாண்டாவிலுள்ள கார்ட்டர் நூலகத்துக்கோ பல்கலைக்கழகம் ஒன்றுக்கோ நன்கொடையாகத் தர நினைத்தால், 5,000 டாலருக்கு மேல் வரிக்கழிவு கோருவதற்குத் தகுதியுள்ள மதிப்பீட்டாளரின் அறிக்கை கட்டாயம் என்பதையும் நினைவில் வையுங்கள். விற்பதானால் புத்தகங்களைத் தனித்தனியாக விற்கலாம். பெட்டியிலுள்ள தாள்களையும் உறைகளையும் ஒருபோதும் பிரிக்காதீர்கள்.

மேலும் சேகரிக்கும் ஆசைக்கு என் யோசனை: கையெழுத்திட்ட புத்தகங்களின் எண்ணிக்கையைக் கூட்டாமல், ஏதேனும் ஒன்றைப் பேசுகிற கடிதங்களை, ஆண்டுக்கு ஒன்றானாலும், தேடி வாங்குங்கள். உங்களுக்குத் தொடக்கம் தானாகவே அமைந்துவிட்டது. பள்ளிக் குழு, மாநில செனட், ஆளுநர் பதவி என்று 1977க்கு முந்தைய ஜார்ஜியாக் கார்ட்டரைத் தேடிப் போகலாம். இந்தியத் தொடர்பு வேண்டுமென்றால், அறுபத்தெட்டு வயதில் பீஸ் கோர் என்னும் அமெரிக்க அரசுத் தொண்டர் அமைப்பின் சார்பில் பம்பாய்க்கு அருகில் விக்ரோலிக்கு வந்து பணியாற்றிய அவருடைய தாயார் லில்லியனின் கடிதங்களும் கையெழுத்துகளும் இன்னும் பெரிய விலைக்குப் போகவில்லை. வெள்ளை மாளிகையின் உள்அலுவலகக் குறிப்பு என்று ஏதேனும் விற்பனைக்கு வந்தால் மட்டும், அது எப்படி வெளியே வந்தது என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். 1978ஆம் ஆண்டின் அதிபர் ஆவணச் சட்டம் ரீகன் காலம் தொடங்கித்தான் அதிபரின் தாள்களை அரசின் சொத்தாக்கியது. கார்ட்டருடையவை அதற்கு முந்தையவை என்றாலும், அவர் அவற்றை நாட்டுக்கே வழங்கிவிட்டார், அரசுத் துறைகளின் ஆவணங்களோ எப்போதுமே அரசுக்கு உரியவை. தவறாக வெளியேறிய தாளை தேசிய ஆவணக் காப்பகம் திரும்பக் கேட்டால் நீங்கள் கொடுத்த பணம் போய்விடும். தனி மனிதருக்கு அனுப்பிய கடிதத்துக்கு இந்தச் சிக்கல் இல்லை.

கடைசியாக மொழிபெயர்ப்பு. தாள் உங்களுடையது, அதில் எழுதியுள்ள வாசகத்தின் பதிப்புரிமை எழுதியவருக்கும் அவர் வாரிசுகளுக்கும் உரியது. அமெரிக்கச் சட்டப்படி அது எழுதியவர் இறந்து 70 ஆண்டுகள்வரை, அதாவது கார்ட்டருக்கு 2094ஆம் ஆண்டின் இறுதிவரை, நீடிக்கும். 1977ஆம் ஆண்டுக் கடிதம் அரசுப் பணியில் எழுதப்பட்டதால் அதற்கு அமெரிக்காவில் பதிப்புரிமை இல்லை. அதை முழுமையாக வெளியிடலாம். மற்ற இரண்டையும் முழுதாக மொழிபெயர்த்து வெளியிட அனுமதி வேண்டும். சாரத்தை உங்கள் சொற்களில் சொல்லி, விமர்சனத்துக்குத் தேவையான ஓரிரு வரிகளை மட்டும் மேற்கோள் காட்டுவது பாதுகாப்பான வழி. ஓரக் குறிப்புள்ள தாளில் இரண்டு பேருடைய எழுத்து இருப்பதால் ஆசிரியையின் வாரிசுகளிடமும் கேட்க வேண்டும். எஸ்டேட் சேல் நடத்திய நிறுவனத்தின் மூலம் அவர்களுக்கு எழுதுங்கள். அனுமதி கேட்கும் அதே கடிதத்தில், அம்மையார் எந்தப் பள்ளியில் இருந்தார், கார்ட்டரிடமிருந்து வந்த வேறு தாள்கள் குடும்பத்தில் யாரிடமாவது இருக்கின்றனவா என்ற இரண்டு கேள்விகளையும் சேர்த்துவிடுங்கள். பதில் வரும்வரை வியாபாரியைக் காத்திருக்கச் சொல்லுங்கள்.